கட்டிலடியில் தாமரைக்குளம்

என் அக்காள் பெற்ற அருமை மருமகன் நவநீதனுக்கு, தலத்தெரு மாமன் அம்பலவாணன் சகல சௌபாக்கியமும் உண்டாகும்படி ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. இங்கே உன் அத்தை சுகம், சிவப்ரியா சுகம், பசுமாடு சுகம். எனக்கு மட்டும் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது.

பழைய வரைபடங்கள் சேர்ப்பதில் இந்தக் காரைக்காலில் எனக்கு இணை கிடையாது என்பது உனக்குத் தெரியும். பாரிஸிலிருந்தே ஓர் ஆள் வந்து என் பீரோவைப் பார்த்துக் கண்கலங்கிப் போனார். போன வாரம் பழைய சாமான் கடை ரிஃபாயிடம், பிரெஞ்சுக்காரன் காலத்தில் நம் தலத்தெருவை வரைந்த படம் ஒன்று வாங்கினேன். துணி ஒட்டிய தாள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் கடுகளவு கிணறு, அதற்கும் ஒரு ஏற்றம். ஒவ்வொரு தென்னைக்கும் கீழே நிழல்கூட விட்டிருக்கிறான். செல்போன் வரைபடத்தில் என்ன இருக்கிறது, ஏடிஎம்தான் இருக்கிறது. இதை வீட்டுக்குள் பூட்டிவைக்க மனம் வருமா, அஸ்கரின் டீக்கடை பெஞ்சில் விரித்து, "இது கோயில், இதுக்குக் கெழக்கால நாலாவது மனை நம்ம வீடு" என்று விரலை ஓட்டினேன். விரல் போய் நின்ற இடம் குளம். நீல மை. நடுவில் தாமரை.

"அண்ணே, உங்க கட்டில் கெடக்குற எடத்துல பூ பூத்திருக்கு பாருங்க" என்றான் அஸ்கர். பின்னாலிருந்து ஒரு குரல், "கொளத்தத் தூத்துக் கட்டுன வீட்டையெல்லாம் இடிக்கிறாங்களாம்ல" என்றது. அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. நேற்று சாக்கடை அள்ள வந்த ஜேசிபியைக் கண்டதும், சிங்கத்தையே முறைத்துப் பார்க்கிற நான் கொல்லைக்கு ஓடி வைக்கோல்போருக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன். உன் அத்தை வந்து, "ஜேசிபி போயிட்டு, எந்திரிச்சு வாங்க. ஊருக்கே விரிச்சுக் காட்டுனீங்கல்ல, இப்ப அத அடுப்புல போடுங்க" என்றாள். தீக்குச்சியைக் கிழித்துவிட்டேன். அந்த வெளிச்சத்தில் பார்க்கிறேன், குளத்துக்கரையில் இதுவரை கண்ணில் படாத ஒரு படித்துறை, படிக்குப் படி மயிரிழைக் கோடு. குச்சியை ஊதி அணைத்துவிட்டேன். எரிக்கவும் முடியவில்லை, வைத்திருக்கவும் பயமாக இருக்கிறது. ஆகையால் இத்துடன் அனுப்புகிறேன். புதுச்சேரியில் உன் மெத்தைக்கு அடியில் ஒளித்து வை. யார் கேட்டாலும், எங்கள் மாமாவுக்கு வரைபடம் பார்க்கவே தெரியாது என்று சொல்லிவிடு.

கோயிலுக்கு மேற்கே நாலாவதாக, நான் முன்னால் நின்று வாங்கிக்கொடுத்த மேட்டு மனையில் நீ சீக்கிரம் வீடு கட்டிப் பால் காய்ச்சி, பெண்டு பிள்ளையோடு நீடூழி இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் மேல் உயிரையே வைத்திருக்கும் மாமன்,
அம்பலவாணன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது சிவப்ரியா எட்டிப் பார்த்து, "அப்பா, மூலையில அம்புக்குறி கீழ பாக்குதே, அதான் வடக்கு. நீங்க படத்தத் தலைகீழாப் படிச்சிருக்கீங்க" என்றாள். நான் அதை அலங்காரம் என்றல்லவா நினைத்தேன். தாளைத் திருப்பினால் நம் வீடு தென்னந்தோப்பில், வெகு பத்திரம். குளம்தான் கோயிலுக்கு மேற்கே நாலாவது மனைக்குப் போய்விட்டது. பயம் தெளிந்ததால் படத்தை அனுப்பவில்லை. பெரிதாக அச்சடித்து அஸ்கர் கடையிலேயே மாட்டிவிட்டேன். அது யார் மனை என்று கேட்டவர்களுக்கெல்லாம் உன் பெயரை இனிஷியலோடு சொல்லியிருக்கிறேன். நீ கவலைப்படாதே, தாமரை சரியாக உன் பூசையறையில்தான் வருகிறது.