ஒத்தக்காது சபை

ஒரு காட்டுல, அதுவும் டவர் நல்லா கிடைக்கிற காட்டுல, முயலுங்க எல்லாம் இடது காதை மடிச்சுத் துணி க்ளிப்பு மாட்டிக்கிட்டுத் திரிஞ்சுதுங்க. உலகத்துப் பொய்யெல்லாம் இடது காது வழியாத்தான் உள்ள வருதாம். சொன்னவரு குரு உடும்பானந்தர். அவருக்கு மடிக்கிறதுக்குக் காது மடலே கிடையாது. அதை யாரும் கேக்கக் கூடாது. அவரு பிடி எப்பேர்ப்பட்டதுன்னு தமிழ் தெரிஞ்சவங்களுக்கு நான் சொல்லணுமா?

அங்க சுள்ளின்னு ஒரு முயல். இடது பக்கமா வந்த நாய் சத்தம் கேக்காம அவ அண்ணன் போய்ச் சேர்ந்தான். துக்கம் விசாரிக்க வந்த குரு, க்ளிப்பு லூசா இருந்திருக்கும்னு சொல்லிட்டு, ரெண்டு முட்டை சாப்பிட்டுட்டுப் போனாரு.

சுள்ளி அன்னிக்கே க்ளிப்பைப் பிடுங்கி எறிஞ்சா. நீயும் வாம்மான்னு அம்மாவைக் கெஞ்சினா. அம்மா வலது காதையும் பொத்திக்கிட்டா. சுள்ளி செத்துட்டதா நெனச்சுக்கோங்கன்னு குரு குரூப்புல வாய்ஸ் மெசேஜ் போட்டாரு. அதுக்கு முதல் கும்பிடு அம்மா போட்டதுதான்.

அழுதுகிட்டே போனவ ஒரு குளத்தைப் பார்த்தா. நடுவுல ஒரு எருமை படுத்திருந்துச்சு. இங்க என்ன கட்டுப்பாடுன்னு கேட்டா.

"குளம் பெருசாத்தானே இருக்கு"ன்னுச்சு எருமை. அப்புறம் அசை போடப் போயிருச்சு.

இம்புட்டுத்தானா? சுள்ளிக்கு நெஞ்சு லேசாச்சு. ஆனா ரெண்டு நாள்ல கை காலு ஓடல. எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கணும், யாருகிட்ட கேக்கணும், ஒண்ணும் புரியல. அப்பதான் எருமை ஈ ஓட்டுறதுக்கு ரெண்டு காதையும் ஆட்டுச்சு. சுள்ளிக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு. அவளும் ஆட்டினா. நெஜமாவே நிம்மதியா இருந்துச்சு.

சபையிலருந்து தப்பிச்சு வந்ததுங்களுக்கும் ஆட்டக் கத்துக்குடுத்தா. புல்லைத் தொடுறதுக்கு முன்னாடி ஆட்டணும், மெதுவா ஆட்டுனா கண்டிப்புன்னு ஆச்சு. ரெட்டைக்காது சங்கம்னு குரூப்பு வந்துச்சு. அட்மின் மட்டும்தான் பேசலாம். தொல்லை தாங்காம எருமை வேற குளத்துக்குப் போயிருச்சு. ஐயா மௌனத்துல கரைஞ்சுட்டாருன்னு சுள்ளி அறிவிச்சா.

அத்தனைக்கும் நடுவுல சுள்ளி, அம்மா வர்ற வழியை மட்டும் பார்த்துக்கிட்டே இருந்தா. அம்மாவும் ஒருநாள் வந்தா. தானே க்ளிப்பைக் கழட்டிட்டு, மழையில நொண்டிக்கிட்டு வந்தா. கட்டிக்க ஓடுன சுள்ளி, மொத்தச் சங்கமும் பாக்குதுன்னு பாதியில நின்னுட்டா.

"ரெண்டு காதையும் ஒரு தடவ ஆட்டிரும்மா. பேருக்குத்தான்."

அம்மா ஆட்டிப் பார்த்தா. வலது ஆடுச்சு. இடது, காஞ்ச இலையாட்டம் தொங்குச்சு.

"இதுக்கு உசுரு போயி வருஷக்கணக்காச்சுடி."

"ஆட்டாட்டி உள்ள விட முடியாதும்மா. எல்லாருக்கும் ஒரே ரூல்."

"அங்க ஒரு காதுதான்டி கேட்டாங்க"ன்னு சொல்லிட்டு அம்மா வந்த வழியே திரும்பி நடந்தா.

சுள்ளி பின்னாடியே ஓட ஒரு அடி எடுத்து வச்சா. அதுக்குள்ள சங்கம் காதை ஆட்ட ஆரம்பிச்சிருச்சு. அவளும் நின்னு ஆட்டினா.

நீதி: சபையை விட்டு வெளிய வர்றவங்க தாராளமா வாங்க. போய்ச் சேர்ற எடத்துல மொத்தம் எத்தனை காது கேப்பாங்கன்னு மட்டும் முதல்லயே விசாரிச்சுக்கோங்க. ஒண்ணுதான்னா, இந்தக் காலத்துல அது கொள்ளை மலிவு.