தாய் மட்டுமே உடனிருந்தார்

எங்கள் மாவட்டத்தில் நர்சுகளுக்குப் பஞ்சம் வந்துவிட்டது என்பதை மேன்மை பொருந்திய மாவட்ட நிர்வாகம் சென்ற வசந்தத்தில் முறைப்படி அறிவித்தது. அறிவித்த கையோடு, நர்சிங் படிக்க முன்வரும் எவருக்கும் தக்க வழி காட்டப்படும் என்று உறுதியும் கூறியது. காட்டுவதாகத்தான் சொன்னார்கள். அந்த வழியில் நடக்க விடுவதாகச் சொல்லவில்லை. நாங்கள்தான் அவசரப்பட்டு சந்தோஷப்பட்டுவிட்டோம்.

என் பெயர் ரே. ஒஹாயோ ஆற்றங்கரையில் ஒரு நாலு மாடிக் குடியிருப்புக்குக் காவலும் பராமரிப்பும் என் பொறுப்பு. குழாய் ஒழுகினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், புருஷன் ஓடிப்போனாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். குழாயை மட்டும் சரிசெய்து கொடுப்பேன். மூன்றாம் மாடியில் எதிரெதிர் வீட்டில் டெனிஷாவும் கொரீனும் இருந்தார்கள். டெனிஷாவுக்கு மைக்கா என்று இரண்டு வயதுப் பையன், கொரீனுக்கு ஜூனி என்று அதே வயதில் ஒரு பெண். குழந்தைகளின் அப்பாக்கள் ஆளுக்கொரு திசையில் போனவர்கள். திரும்பி வராததில் மட்டும் இருவருக்கும் ஒற்றுமை.

இரண்டு பெண்களும் முதியோர் இல்லத்தில் உதவியாளர்கள். கிழங்களைத் தூக்கி உட்காரவைத்து, குளிப்பாட்டி, அவர்களிடமே வசவும் வாங்கிப் பிழைத்தவர்கள். இருவருக்கும் நர்சிங் கல்லூரியில் ஒரே நாளில் இடம் கிடைத்தது. ஆகஸ்டில் சேரவேண்டும். கொரீன் அன்றைக்கு மக்ரோனியும் சீஸுமாக ஒரு பாத்திரம் நிறையச் செய்து, எனக்கும் ஒரு தட்டு கொண்டுவந்தாள்.

கட்டணத்தில் பாதிக்கு உதவித்தொகை, மீதிக்குக் கடன் என்று எப்படியோ சமாளித்துவிட்டார்கள். ஆனால் படிக்கிற செலவைவிட, படிக்கப் போகும் நேரத்தில் பிள்ளையை ஒருவரிடம் விட்டுப் போகிற செலவு எங்கள் ஊரில் அதிகம். அதற்கு மாவட்ட அலுவலகம் பணம் கொடுக்கும் என்று யாரோ சொல்ல, டெனிஷா பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

அந்த அலுவலகம் அப்போதுதான் புது மோஸ்தருக்கு மாறியிருந்தது. கம்பி போட்ட ஜன்னல்களை எடுத்துவிட்டு வட்ட மேஜை போட்டார்கள். மேஜை மேல் லாவெண்டர் வாசனையோடு ஒரு மெழுகுவத்தி. ‘விண்ணப்பதாரர்’ என்று அழைப்பது மனதைப் புண்படுத்துமாம். எல்லோரும் இனி ‘பயணிகள்’. எங்கள் மாவட்டத்தில் யாரும் ஏழையில்லை, பயணத்தில் இருக்கிறார்கள். உதவி மறுக்கப்படுவதற்கு முன்னால் ஒவ்வொரு பயணியும் கண்ணை மூடி, மூச்சை ஆழமாக இழுத்து விடவேண்டும். டெனிஷாவும் இழுத்து விட்டாள். பயணிகளின் வழித்துணை என்ற பதவி வகித்த திருமதி பிளாட்னர் அதன் பிறகே வாயைத் திறந்தார்.

“வேலை செய்யிற நேரத்துக்குத்தான் பணம் குடுப்போம் கண்ணு. படிப்பு வேலை ஆகாதே.”

“ஆஸ்பத்திரிப் பயிற்சி இருக்கு மேடம். நாள் பூரா நின்னு நோயாளிங்களப் பாத்துக்கணும்.”

“சம்பளம் உண்டா?”

“இல்ல.”

“அப்ப அது வேலை இல்ல.”

“சம்பளம் குடுத்தா?”

“அப்ப அது பயிற்சி இல்ல.”

“சரி, என் பிள்ளைய நானே வீட்ல வெச்சுப் பாத்துக்கிட்டா?”

“அது பாசம் கண்ணு. பாசத்துக்குப் போயி அரசாங்கம் காசு குடுத்தா நல்லாவா இருக்கும்?”

“அடுத்தவ பிள்ளையப் பாத்துக்கிட்டா?”

திருமதி பிளாட்னரின் முகம் மலர்ந்தது. “அது வேலை” என்றார்.

டெனிஷா வீட்டுக்கு வந்து கொரீனிடம் சொன்னாள். இருவரும் என் அறையில் உட்கார்ந்து சிரியோ சிரியென்று சிரித்தார்கள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, அப்படியே செய்தால் என்ன என்று யோசித்தார்கள். முதியோர் இல்லத்து வேலையை விட்டார்கள். டெனிஷா, ஜூனியைப் பார்த்துக்கொள்ளும் பதிவுபெற்ற பராமரிப்பாளர் ஆனாள். கொரீன், மைக்காவைப் பார்த்துக்கொள்ளும் பதிவுபெற்ற பராமரிப்பாளர் ஆனாள். இருவருக்கும் மாவட்டம் சம்பளம் கொடுத்தது. ஆகஸ்டு வந்ததும் ஒருத்தி காலையில், ஒருத்தி மத்தியானத்தில் கல்லூரிக்குப் போவது, வீட்டில் இருப்பவள் இரண்டையும் மேய்ப்பது என்று திட்டம்.

திட்டம் மாவட்ட அலுவலகத்தின் காதில் விழுந்த மறுநாளே அங்கிருந்து ஆய்வாளர் ஹார்ட்ஸல் வந்து சேர்ந்தார். கனத்த சரீரம், அதைவிடக் கனத்த மனசாட்சி. வேலை நேரத்தில் டெனிஷா வீட்டில் ஜூனி மட்டும் இருக்கவேண்டும், கொரீன் வீட்டில் மைக்கா மட்டும் இருக்கவேண்டும் என்று விளக்கினார். மைக்கா தன் அம்மாவோடு இருந்தால் அது பாசமாகிவிடும். கொரீனுக்கு வேலை போய்விடும். கொரீனுக்கு வேலை இல்லையென்றால் ஜூனிக்குப் பராமரிப்பு கிடையாது. டெனிஷாவுக்கும் வேலை போய்விடும்.

“அப்ப நாங்க காலேஜுக்கு எப்பதான் போறது?” என்று கொரீன் கேட்டாள்.

“வேலை நேரம் முடிஞ்சப்புறம் போலாமே.”

“அந்த நேரத்துல காலேஜ் பூட்டியிருக்குமே.”

“அது கல்வித் துறைம்மா. நம்ம கையில இல்ல.”

இவ்விதமாக, படிப்பதற்கு உதவி வேண்டும் என்று கேட்டவர்களுக்கு, படிக்க நேரமில்லாதபடி உதவி கிடைத்தது. வேலையில்லாதோர் கணக்கில் இரண்டு பேர் குறைந்துவிட்டதாக அலுவலகம் ஒரு வாழ்த்து மடலும் அனுப்பியது.

காலையில் நான் மாடிப்படி பெருக்கும்போது இரண்டு கதவுக்குப் பின்னாலும் அழுகை கேட்கும். இந்தப் பக்கம் ஜூனி தன் அம்மாவைக் கேட்டு அழும், அந்தப் பக்கம் மைக்கா தன் அம்மாவைக் கேட்டு அழுவான். “அம்மா வேலைக்குப் போயிருக்காங்கடா செல்லம்” என்று இரண்டு பேரும் அடுத்தவள் பிள்ளையைச் சமாதானம் செய்வார்கள். அம்மா எட்டடி தூரத்தில் இருந்தாள். எனக்கு வயிறு எரியும். ஆனால் என் வயிறு எந்தத் துறைக்குக் கட்டுப்பட்டது என்று தெரியாததால் பேசாமல் பெருக்குவேன்.

ஜூலை கடைசியில், இருவரும் கல்லூரிக்கு ‘வரமுடியவில்லை’ என்று எழுதிப் போட இருந்த வாரம், எங்கள் லிஃப்ட் படுத்துவிட்டது. ஆய்வாளர் வழக்கமான சோதனைக்குப் படியேறி வந்தார். மூன்றாம் மாடியில் கால் வைத்தவர், மார்பைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாகச் சரிந்தார். முகம் சாம்பலாகிவிட்டது. நான் போட்ட சத்தத்தில் டெனிஷா வெளியே ஓடிவந்தாள். சட்டைப் பொத்தான்களைப் பிய்த்தெறிந்து, அவர் நெஞ்சின் மேல் இரண்டு கையையும் வைத்து அமுக்க ஆரம்பித்தாள். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தவில்லை. கொரீன், மைக்காவை இடுப்பில் வைத்தபடியே எதிர்வீட்டுக்குப் போய் ஜூனி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். மனிதர் பிழைத்துக்கொண்டார். டெனிஷா இல்லாவிட்டால் போயிருப்பார் என்று டாக்டரே சொன்னாராம்.

குணமானதும் அவர் இரண்டு காரியம் செய்தார். மனிதர் என்ற முறையில் டெனிஷாவுக்கு மஞ்சள் ரோஜாக்கள் அனுப்பினார். ஆய்வாளர் என்ற முறையில் ஓர் அறிக்கை அனுப்பினார். நாங்கள் மூவரும் அதை என் அறையில் வைத்துப் படித்தோம்: ‘மேற்படி நேரத்தில் பராமரிப்பாளர் தம் பொறுப்பிலிருந்த குழந்தையை விட்டு நீங்கினார். பதிவுபெற்றவர் எவரும் குழந்தையுடன் இல்லை. தாய் மட்டுமே உடனிருந்தார்.’

டெனிஷாவின் பதிவு ரத்தானது. கொரீன் மீது குற்றம் ஏதும் இல்லை. மைக்கா அவள் இடுப்பைவிட்டு இறங்கவே இல்லையே.

டெனிஷா இரண்டு நாள் அழுதுவிட்டு, பழையபடி திருமதி பிளாட்னர் முன்னால் போய் உட்கார்ந்து மூச்சை இழுத்தாள். அவரோ கணினியைத் தட்டிப் பார்த்து, சந்தோஷத்தில் மெழுகுவத்தியையே சாய்த்துவிட்டார். அரசாங்க ஆணையால் பிழைப்பை இழந்தவர்களுக்கென்று மறுபயிற்சித் திட்டம் ஒன்று இருக்கிறதாம். ஆள் பஞ்சமுள்ள தொழில் எதையும் படிக்கலாம். கட்டணம், புத்தகம், செருப்பு முதற்கொண்டு இலவசம். படிக்கிற நேரத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளவும் பணம் உண்டு.

“இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே மேடம்” என்றாள் டெனிஷா.

“மொதல்ல உன் வேலைய யாரும் பறிக்கலையே கண்ணு.”

“முதியோர் இல்லத்து வேலை போச்சே?”

“அது நீயா விட்டது.”

ஆகஸ்டில் டெனிஷா வெள்ளைச் செருப்பு போட்டுக்கொண்டு கல்லூரிக்குப் போனாள். மைக்காவைப் பார்த்துக்கொள்ள எல்லாத் தகுதியும் உள்ள, ஒரு குற்றமும் செய்யாத கொரீனையே மாவட்டம் நியமித்தது. ஜூனியும் அங்கேயேதான் விளையாடுகிறாள். ஆனால் அது பாசக் கணக்கு. கொரீனுக்குக் கல்லூரி ஜனவரிவரை அவகாசம் கொடுத்தது. இனிமேல் அவளும் ஏதாவது தப்பு செய்தால்தான் உண்டு. வேண்டுமென்றே செய்தால் செல்லாதாம், கேட்டுப் பார்த்துவிட்டோம். ஓர் உயிரைக் காப்பாற்றுவது போன்ற நியாயமான காரணம் வேண்டும்.

சேதி மாடி மாடியாகப் பரவியது. மற்ற தாய்மார்களும் ஒருத்தி பிள்ளையை ஒருத்தி பார்த்துக்கொள்வதாகப் பதிவு செய்துகொண்டார்கள். லிஃப்டுக்கு வேண்டிய உதிரிபாகம் வந்து சேர்ந்த அன்று, எங்கள் கட்டடத்துத் தனித் தாய்மார்கள் ஒவ்வொருவராக ஆப்பிள் கேக்கும் கையுமாக என்னிடம் வந்தார்கள். யாரும் எதுவும் வாய்விட்டுக் கேட்கவில்லை. நானும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பாகத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

செப்டம்பரில் ஆய்வாளர் மறுபடி வேலைக்கு வந்தார். அவர் படியேறும்போது ஒவ்வொரு மாடியிலும் கதவுகள் திறந்திருந்தன. ஒவ்வொரு வாசலிலும் ஒரு பெண், கையைச் சூடுபறக்கத் தேய்த்துக்கொண்டு தயாராக நின்றாள். மூச்சு வாங்குதா, தலை சுத்துதா, இடது கை வலிக்குதா என்று அன்பாக விசாரித்தார்கள். கொரீன் அவரைத் தன் வாசலுக்கு நேரே நிற்கவைத்துப் பேச்சுக் கொடுத்தாள். இவ்வளவு கரிசனமுள்ள ஒரு கட்டடத்தைத் தன் பணிக்காலத்தில் கண்டதில்லை என்று அவர் என்னிடம் கண் கலங்கச் சொன்னார்.

இப்போது வாரம் இரண்டு முறை வருகிறார். படியேறி ஏறி எடை குறைந்துவிட்டதாம், இருதயம் இருபது வயதுப் பையனுடையதைப் போல அடிக்கிறது என்று டாக்டர் ஆச்சரியப்பட்டாராம். டிசம்பர் கடைசி வெள்ளிக்கிழமை இரண்டிரண்டு படியாகத் தாவி மூன்றாம் மாடிக்கு வந்து, கொரீனிடம் எல்லாம் ஒழுங்காக இருப்பதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, சீட்டியடித்தபடி இறங்கிப் போனார்.

கொரீன் அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். “ரே அண்ணே, பாழாப்போன மனுஷன் கல்லுக் குண்டாட்டம் இருக்கானே” என்றாள். நானும் வருத்தத்தோடு ஆமாம் என்றேன்.