குடிக்காதவருக்கு வந்த கடிதம்

ஒரு சொட்டு மதுவும் தொடாமல் குடிகாரர் என்று கடிதம் வாங்கிய ஒரே மனிதர் இந்தப் பாரிஸில் எங்கள் ரெயிலர் அண்ணைதான். அவர் அப்படித்தான் நம்பினார். ரூ பெர்தொனே தெருவில் சேலைச் சட்டை தைப்பவர். லா சப்பலில் எங்கள் கட்டடத்தின் கீழ்மாடியில் தனியே இருக்கிறார்.

போன குளிர்காலத்தில் மின்சார நிறுவனம் எல்லா வீடுகளுக்கும் எழுதியது: புவி வெப்பமாகிறது, ஆகவே 'சோப்ரியேத்தே' கடைப்பிடியுங்கள். சிக்கனம் என்ற பொருளில்தான். ஆனால் அதே சொல்லுக்குப் பிரெஞ்சில் குடிக்காமல் இருத்தல் என்றும் பொருள்.

அண்ணை மூன்று மாடி ஏறி வந்தார். "பிள்ளை, இஞ்சை பார். என்னைக் குடிக்காதையாம்! நான் கலியாண வீட்டிலையும் சோடாதான். ஆர் கோள் மூட்டினது?"

விளக்கினேன். கோபம் இரட்டித்தது. "அப்ப குளிருக்குள்ளை விறைச்சுக் கிடக்கட்டாமோ?"

அதேதான் நடந்தது. பழைய கட்டடங்கள் மின்சாரத்தை வீணாக்குகின்றனவாம். மாலை ஐந்திலிருந்து எட்டுவரை எங்களுக்கு வரும் அளவைக் குறைத்தார்கள். மின்சார ஒழுங்குமுறை ஆணையமும் தலையாட்டியது. ஹீட்டரைப் போட்டால் வீடே இருண்டது. எட்டு மாத மகளுக்கு மூச்சு இழுத்தது. நானோ கடிதத்துக்குப் பணிந்து, முன்பே ஹீட்டரைக் குறைத்து வைத்தவள். என்னால்தான் இழுப்பு வந்ததோ? புவி சூடானாலும் நாளைக்கு அவளுக்குத்தானே கேடு? எந்தப் பக்கம் யோசித்தாலும் அங்கே என் பிள்ளைதான் இருந்தாள்.

எதிரே ஒரு துணிக்கடை, கதவை அகலத் திறந்துவைத்துத் தெருவையே சூடாக்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கட்டுப்பாடு இல்லை.

நகரசபையில் ஆணையம் மக்களின் கருத்தைக் கேட்டது. மகளைக் கணவரிடம் விட்டுவிட்டு, மின்சாரத்தைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்கப் போனேன். துணைக்கு அண்ணை, ஏழு சுவெற்றருடன். வெளியே குளிர், மண்டபத்திலோ ஹீட்டர்களின் தயவில் சித்திரை வெயில். அதிகாரிகள் சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். அண்ணை எழுந்து, சுவெற்றர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி அவர்கள் மேசையில் அடுக்கினார். ஐந்தாவதில் தலை மாட்டிக்கொண்டது. கம்பளிக்குள் இருந்தபடியே முழங்கினார்:

"இது என்ரை வீட்டுச் சோப்ரியேத்தே! இந்த மண்டபம்தான் குடிவெறியிலை கிடக்கு! அப்பிடியே சொல்லு, பிள்ளை!"

"ஐயாவுக்கு ஒரு சிறு கவலை இருக்கிறது" என்று பிரெஞ்சில் சொன்னேன்.

தலை வெளியே வந்தது. "நான் தொண்டை கிழியக் கத்தினது அவ்வளவுதானோ? எனக்கும் பிரெஞ்சு கொஞ்சம் விளங்கும். பயப்பிடாதை. குழந்தைக்கு மூச்சு இழுக்குது எண்டு சொல்லு."

சொன்னேன். அத்தோடு நிறுத்தவில்லை. காற்றுப் புகும் சுவரைத் திருத்தாதவர் வீட்டுச் சொந்தக்காரர், தண்டனை எங்களுக்கா? கடையின் கதவை யார் மூடுவது? பின்னால் அண்ணை "ஓம், ஓம்" என்று தாளம் போட்டார்.

ஒரு மாதத்தில் பதில் வந்தது. குழந்தை உள்ள வீடுகளுக்கு விலக்கு. தனியாள் வீடுகளுக்கு இல்லை. இதற்குப் பெயர் நியாயமாம்.

அவருக்காக இரண்டாவது மனு எழுதியிருக்கிறேன். அடுத்த குளிர்காலம் வந்தும் பதில் வரவில்லை. ஐந்து மணியானால், "சின்னவளைப் பாக்க வந்தனான்" என்று அண்ணை கதவைத் தட்டுகிறார். ஹீட்டர் பக்கத்து நாற்காலியில் இப்போது நான் எதையும் வைப்பதில்லை.