எகிப்துக்கு நான் கொண்டுபோன ஆக்லாந்துச் சேறு

ஒரு கருவியைக் கரைத்துக் குடித்துவிட்டோம் என்று நினைக்கும்போதுதான் அது நம்மைச் சந்தி சிரிக்க வைக்கும். என்னைப் பார்த்து எகிப்துப் பாலைவனத்தில் வைத்துச் சிரித்தது.

ஆக்லாந்தின் ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு சர்வே கம்பெனியில் எனக்கு வேலை. புல்வெட்டும் இயந்திரம் போலிருக்கும் ரேடாரைத் தரைமேல் தள்ளிக்கொண்டு போய், மண்ணுக்குள் குழாய் எங்கே ஓடுகிறது என்று சொல்வேன். (பெரும்பாலும் சாக்கடைக் குழாய்தான்.) எகிப்தில் பழங்காலக் கல்லறைகளைத் தேடும் ஒரு குழுவில் ரேடார் ஆள் கடைசி நேரத்தில் வர முடியாமல் போக, யாரோ என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் தெருமுனையில் டெய்ரி என்று சொல்லும் சிறு கடைக்குப் பால் வாங்கப் போனவள், கடைக்காரரிடம் கல்லறை பற்றி அரைமணி நேரம் பேசிவிட்டுப் பால் வாங்காமல் திரும்பினேன்.

அங்கே போய் நின்றேன். கண்ணுக்கெட்டியவரை மணல். அதற்கடியில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மனிதர்கள் படுத்திருக்கிறார்கள். சக்கரத்தை உருட்டவே கூச்சமாக இருந்தது.

கருவியின் திரையில், அடியில் ஏதோ புதைந்திருக்கிறது என்று காட்டும் வளைவு தெளிவாக விழுந்ததும் கூச்சம் போய்விட்டது.

"எவ்வளவு ஆழம்?" என்று கேட்டார் குழுத்தலைவி மோனா. எகிப்துக்காரர், தொல்லியலாளர்.

"ஒரு மீட்டர். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்."

தோண்டினார்கள். ஒரு மீட்டரில் மணல். அதற்குக் கீழேயும் மணல். "அவர் தேடுவது குழாயாக இருக்குமோ?" என்று பின்னால் யாரோ கேட்டது எனக்கு நன்றாகவே கேட்டது. மோனா திட்டவில்லை. "காலையில் மூடிவிட்டு வேறு இடம் பார்ப்போம்" என்றார். திட்டியிருக்கலாம்.

சாயங்காலம் வீட்டுக்கு ஃபோன் செய்தேன். என் கணவர் செந்தில், "இங்க ஒரே மழைம்மா. பின்பக்கம் கால வச்சா சேறு. அங்க எப்படி?" என்றார்.

"இங்க பொட்டு ஈரம் கிடையாதுங்க, எல்லாம் காஞ்ச..." என்றவள் அப்படியே நின்றேன்.

ரேடார் அலை ஈரக் களிமண்ணில் மெதுவாகவும் காய்ந்த மணலில் வேகமாகவும் போகும். எந்த மண் என்று நாம் சொன்னால்தான் கருவி ஆழத்தைச் சரியாகக் கணக்கிடும். நான் கடைசியாக ஈஸ்ட் டாமாக்கியில் வைத்த களிமண் அளவை மாற்றவே இல்லை! அதனால் கருவி ஆழத்தைக் குறைத்துக் காட்டியிருக்கிறது.

"ஐயோ, நம்ம ஊரு சேத்தை இங்க கொண்டுவந்துட்டேங்க!"

"கஸ்டம்ஸ்ல விட்டாங்களா?" என்றார் செந்தில்.

மறுநாள் காலை, மண்ணைத் தள்ளி மூடத் தயாராக இருந்தவர்களுக்கு முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். மோனா என்னையே பார்த்தார்.

"அப்போது உண்மையான ஆழம்?"

"இரண்டரை மீட்டர்." இந்தமுறை எழுதி வைக்கச் சொல்லவில்லை.

மோனா விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு மறுபடி தோண்டச் சொன்னார்.

மதியத்துக்கு மேல் தோண்டியவர்கள் மண்வெட்டியைக் கீழே வைத்தார்கள். மணலுக்குள்ளிருந்து ஒரு சுவரின் விளிம்பு. கல்லறைக்குள் இறங்கும் குழியின் வாய். வெயிலில் காயவைத்த மண் செங்கற்கள். மோனா தூரிகையால் ஒரு கல்லைத் துடைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அதில் ஐந்து விரல்களின் தடம். எகிப்துப் பேரரசர்கள் காலத்தில் யாரோ ஒருவர் ஈரக் கல்லை அவசரமாகத் தூக்கி வைத்திருக்கிறார். என் கை அளவுதான் இருந்தது அந்தக் கை. தொடவில்லை. அழுதேன். (மணல் கண்ணில் விழுந்தது என்று சொல்லிப் பார்த்தேன், யாரும் நம்பவில்லை.)

வீட்டில் மட்டும் இன்றுவரை என் எண்ணுக்கு மரியாதை கிடையாது. "பத்து நிமிஷத்துல சாப்பாடு ரெடி" என்று நான் குரல் கொடுத்தால், மகள் மாடியிலிருந்து கேட்பாள்:

"மட் ஆர் சாண்ட், அம்மா?"

செந்தில் முந்திக்கொள்வார்: "மணல்தான். இருபத்தஞ்சு நிமிஷம் கழிச்சு இறங்கி வா."