செவலியின் வயிறும் கொக்கு டாக்டரின் மானமும்

ஒரு காட்டில் செவலி என்றொரு நாய் இருந்தாள். காட்டில் நாய்க்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். அதே காட்டில் ஒரு கொக்கு டாக்டராக இருந்தார். அதை நம்பப் போகிறவர்களுக்கு இது ஒரு பொருட்டா?

குடும்பக் கட்டுப்பாட்டு முகாமில் செவலியின் கர்ப்பப்பையையும் சூலகங்களையும் எடுத்துவிட்டு, அடையாளத்துக்குக் காது நுனியையும் வெட்டி அனுப்பியவர் அவர்தான். சில வருஷம் நன்றாகத்தான் போயிற்று. பிறகு ஒரு கோடையில் அவளைத் தாகம் பிடித்தது. குளத்தில் வைத்த வாயை எடுக்க முடியவில்லை. முதுகில் முடி கொட்டியது. வயிறு மட்டும் பானையாக வளர்ந்தது.

"டாக்டர், உடம்புக்குள்ள என்னமோ சரியில்ல."

கொக்கு ஒற்றைக் காலில் நின்றபடி, அவளைப் பார்க்காமலே, "வயசாகுதில்ல. சாப்பாட்டைக் குறை" என்றார்.

"குறைச்சுட்டேன்."

"அப்போ கவலையைக் குறை."

"ரத்தம் எடுத்துப் பாருங்களேன்."

"பொம்பளைங்களுக்கு எல்லாமே மனசுதாம்மா."

அடுத்து வந்த ஆண் முயலுக்குத் தும்மல். அதற்கு மூன்று சோதனை எழுதினார்.

குளக்கரையில் பன்றி பவளத்தம்மா செவலியின் வயிற்றைத் தடவினாள். "ஏண்டி, சொல்லவே இல்ல?"

"எனக்குத்தான் ஆபரேஷன் ஆயிடுச்சே அத்தை. காதைப் பாருங்க."

"காது கெடக்கட்டும். வயிறு பொய் சொல்லுமா? யாருடி அவன்?"

செவலிக்கு முதலில் கடிக்கத்தான் தோன்றியது. கர்ப்பப்பை இருந்தவரை எந்த வலிக்கும் அதையே காரணம் சொன்னார்கள். எடுத்த பிறகும் விடமாட்டார்களாமா? பிறகு யோசித்தாள். தலையைக் குனிந்து, லேசாக வெட்கப்பட்டாள்.

அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் வளைகாப்புக்கு நாள் குறித்தாயிற்று. "கொக்கு செஞ்ச ஆபரேஷன் புட்டுக்கிச்சாம்" என்று குரங்குகள் கிளைக்குக் கிளை சொல்லின. அடுத்த முகாமுக்குப் பெயர் கொடுத்திருந்த நரிப் பெண்கள், கொடுத்த பெயரைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

கொக்கு டாக்டர் இரண்டு காலாலும் ஓடி வந்தார். "கர்ப்பமா? என் கைபட்ட உடம்புலயா?"

"ஊர் சொல்லுது டாக்டர். நான் என்னத்தைக் கண்டேன்."

ஸ்கேன் எடுத்தார். ரத்தம் எடுத்தார். நம்பிக்கை வராமல் மறுபடியும் எடுத்தார். குட்டி இல்லை. சிறுநீரகத்தின் தலைமேல் குந்தியிருக்கும் அட்ரீனல் சுரப்பிதான் வீங்கிக் கிடந்தது.

"மூளை, 'வேலையைப் பாரு'ன்னு சூலகத்துக்கு ஆள் அனுப்பிக்கிட்டே இருந்திருக்கு. அங்கதான் யாரும் இல்லையே. பதில் வராததால சத்தத்தைக் கூட்டியிருக்கு. அந்தச் சத்தம் தாங்காம, பக்கத்து வீட்டு அட்ரீனல் எழுந்து அந்த வேலையையும் இழுத்துப் போட்டுக்கிச்சு. தாகம், முடி, வயிறு எல்லாம் அதோட கைவரிசைதான். எல்லாருக்கும் இப்படி ஆகாது, உனக்கு ஆயிருக்கு. மாத்திரை தர்றேன்" என்றார். பிறகு குளக்கரை முழுக்கக் கேட்கும்படி, "ஆபரேஷனில் குறையில்லை" என்றார்.

மாத்திரை வேலை செய்தது. தாகம் அடங்கியது, முடியும் முளைத்தது.

"அப்போ வளைகாப்பு?" என்றாள் பவளத்தம்மா, முகம் தொங்கிப்போய்.

"சாப்பாட்டை மட்டும் போட்டுடுங்க அத்தை."

பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த கரடியம்மா மெல்லக் கேட்டாள்: "எனக்கு முழங்கால் வலி. ரொம்ப நாளா அவர்கிட்ட சொல்றேன், எடை எடைங்கிறார். நீ எப்படிம்மா சாதிச்சே?"

செவலி இலையிலிருந்து தலையைத் தூக்கினாள். "முதல்ல இதைச் சொல்லுங்கக்கா. உங்களுக்கு அவர் என்ன ஆபரேஷன் செஞ்சிருக்கார்?"

நீதி: உன் நோயை டாக்டரிடம் சொல்லி வாயை நோகடிக்காதே. அவர் மானத்துக்கு ஒரு நோவு வரவழை. உனக்கும் சேர்த்து மருந்து கிடைக்கும்.