திரு. பார்க் அவர்களுக்கு நான் கொடுத்த சான்று

சிங்கப்பெருமாள் கோயில்,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள தம்பி பெஞ்சமினுக்கு,

நீயும் ஷாரோனும் மாதாவின் காவலில் நலமாயிருக்க வேண்டுகிறேன். முதலில் ஒரு திருத்தம். என் மாடியில் குடியிருக்கும் கொரியாக்காரரை நான் காலி செய்யச் சொன்னதாக உன் மனைவி செங்கல்பட்டு முழுக்கச் சொல்லி வருகிறாளாம். அது உண்மையன்று. திரு. பார்க் போய்விடுவாரோ என்றுதான் இந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவர் இங்கே வேலை செய்வதற்கான அனுமதியை அரசாங்கம் நீட்டித்துத் தர வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் சான்று வேண்டுமென்று அவருடைய கம்பெனியிலிருந்து திவ்யா என்ற பெண் வந்தாள். "இவர் எங்க மாடியில இருக்காருன்னு ஒரே ஒரு லைன் எழுதி சைன் போட்டா போதும் மேடம்" என்றாள். ஒரு வரியில் சான்று எழுத எங்கள் கான்வென்ட்டில் யாரும் கற்றுத்தரவில்லை. ஒருவரைப் பற்றி எழுதினால் குணம், பழக்கம், உழைப்பு எல்லாம் எழுத வேண்டும். இரண்டு பக்கம் எழுதினேன். படியில் செருப்புச் சத்தம் கேட்காது, குப்பையைப் பிரித்துப் போடுவார், என் மீன்குழம்புக்கு முகம் சுளித்ததில்லை என்றெல்லாம் எழுதிவிட்டு, "தம் வேலை முழுவதையும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒளிக்காமல் கற்றுத்தந்துவிட்டார், இனி அவர் இல்லாமலே இயந்திரங்கள் ஓடும்" என்று முடித்துத் திவ்யாவிடம் கொடுத்தேன். பாராட்டாகத்தான் எழுதினேன்.

இதைக் கம்பெனி வேன் ஓட்டும் குமாரிடம் பெருமையாகச் சொன்னேன். "இன்னாம்மா நீ! அவரு இல்லாமலே மிஷினு ஓடும்னா, அவருக்கு எதுக்கு பர்மிட்டுன்னு ஆபீசரு கேக்க மாட்டாரா? நீயே டிக்கெட்டு எடுத்துக் குட்த்துட்டியே!" என்று சிரித்தான். அவன் என்னை 'நீ' என்றதைக்கூட நான் கண்டிக்கவில்லை என்றால் என் நிலைமையைப் புரிந்துகொள். கொரியாவில் அவருடைய பிரிவையே மூடிவிட்டார்களாம், திரும்பிப் போனால் ஐம்பது வயதுக்கு மேல் யார் வேலை தருவார்கள், மகள் வேறு கல்லூரியில் படிக்கிறாள், நேற்று பார்த்தால் இரண்டு அட்டைப்பெட்டியை மாடிக்குத் தூக்கிப் போகிறார், மூட்டை கட்டுறீங்களான்னு கேக்க வாய் வரல, சாப்டாச்சான்னு கேட்டு வெச்சேன், மனுஷன் எப்பவும் போலக் குனிஞ்சு கும்பிட்டார், ஆனா எப்பவும் குனியறதவிட ஒரு சாண் கூடக் குனிஞ்ச மாதிரி இருந்துச்சு, அது நன்றியா, போய்ட்டு வரேன்னு அர்த்தமா, யாரப் போய்க் கேக்கறது சொல்லு.

ஆகவே நாளைக் காலை மின்சார ரயிலில் வந்து, திவ்யாவைப் பார்த்து, அந்தச் சான்றைத் திரும்ப வாங்கிக் கிழித்துப் போடு. அவள் கேட்ட ஒரு வரியை இத்துடன் வைத்திருக்கிறேன். போனில் பேசினால் மாடிக்குக் கேட்கும் என்பதால் குமார் கையில் கடிதம் கொடுத்தனுப்புகிறேன்.

உங்கள் இருவருக்கும், வதந்தி பரப்பியவளுக்கும் சேர்த்தே, என் ஆசீர்வாதம்.

அக்கா
ஜெசிந்தா

பி.கு.: உறையை ஒட்டும்போது திவ்யா வந்தாள். திரு. பார்க்குக்கு அனுமதி கிடைத்துவிட்டதாம். மாதாவுக்கு நன்றி. என் சான்று என்ன ஆயிற்று என்றேன். "அத நான் ஃபைல்ல வெக்கவே இல்ல மேடம், வாடகை அக்ரிமென்ட்டே போதும்னுட்டாங்க" என்று சிரிக்கிறாள். அடித்தல் திருத்தல் இல்லாத இரண்டு பக்கம், தம்பி! கிழிக்கச் சொன்னதை மறந்துவிடு. நாளை வந்து அதைக் கோப்பில் சேர்க்கச் சொல். கடைசி வரியை வேண்டுமானால் நீக்கிக்கொள்ளட்டும். அதற்கு மேல் விட்டுத்தர மாட்டேன். யாரைக் கேட்டு அதை ஒதுக்கினார்கள் என்று விசாரித்து எனக்கு எழுத்துமூலம் பதில் அனுப்பவும்.