சிறுநீர்ப்பையும் மச்சானின் மரணமும்

"பயாப்சி ஸ்லைடு உங்களுக்கு எதுக்கு சார்?" என்று கேட்டாள் நர்ஸ்.

டிரைவிங் மாஸ்டருக்கு வியர்த்துக் கொட்டியது. சிறுநீர்ப்பையில் புற்றுநோய் என்று சொன்ன அன்றைக்குக்கூட அவர் அசரவில்லை. "சரி, அடுத்து என்ன செய்யணும்?" என்று நிமிர்ந்து கேட்டவர். பையையே எடுத்துவிட வேண்டியிருக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னபோதுதான், ஸ்லைடை இன்னொரு டாக்டரிடமும் காட்டிக் கேட்டுப் பார்க்கலாமே என்று தோன்றியது. அவர் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் காரிலேயே ஆளுக்கொன்றாக இரண்டு பிரேக். உடம்புக்கு மட்டும் ஒரே டாக்டரா? ஆனால் அதை எப்படி முகத்துக்கு நேரே சொல்வது? கத்தியைக் கையில் எடுக்கப் போகிறவர் ஆயிற்றே!

"இன்சூரன்ஸ்ல கேக்கறாங்கம்மா."

"அவங்க ஸ்லைடெல்லாம் கேக்க மாட்டாங்களே."

"அதில்ல... என் மச்சான் பாக்கணும்னு சொன்னான். அவனும் டாக்டர்தான்."

மச்சான் மிக்சி ரிப்பேர் செய்கிறவர்.

நர்ஸின் முகம் மலர்ந்தது. "ரொம்ப நல்லதாப் போச்சு! நம்பர் சொல்லுங்க, டாக்டரம்மா இப்பவே பேசிடுவாங்க."

"பேச முடியாதும்மா. அவன் இப்ப... இல்ல."

"எங்க போயிருக்காரு?"

மாஸ்டர் விரலை மேலே காட்டினார்.

"ஐயோ! இப்பதானே ஸ்லைடைப் பாக்கணும்னு சொன்னாருன்னீங்க?"

"அதுதாம்மா அவனோட கடைசி ஆசை."

நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். போன வேகத்தில் டாக்டரம்மாவே எழுந்து வந்து, அவரைத் தன் அறைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தார்.

"இவ்வளவு துக்கத்தையும் மனசுல வச்சுக்கிட்டா வந்தீங்க? எங்ககிட்ட எதையும் மறைக்கக் கூடாது சார். உங்க பயம், சந்தேகம் எல்லாம் தெரிஞ்சாத்தான் வைத்தியம் ஒழுங்கா நடக்கும்."

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். கதவு திறந்தது. பிளாஸ்க்கும் கையுமாக மனைவி. அவள் பின்னாலேயே, "அத்தான், வண்டியை நிழல்ல போட்டுட்டேன்" என்றபடி காலமான மச்சான்.

"இவரு யாரு?" என்றார் டாக்டரம்மா.

"என் தம்பிங்க" என்றாள் மனைவி பெருமையாக. "ஒரே தம்பி."

இனி எந்தப் பக்கமும் திரும்ப வழியில்லை.

"எல்லாம் பொய் டாக்டரம்மா, மச்சான் செத்ததும்தான். பையை எடுக்காமலே குணமாக்க முடியுமான்னு இன்னொருத்தர்கிட்ட கேக்க நினைச்சேன். நீங்க கோவிச்சுக்குவீங்களோன்னு பயந்துட்டேன். அந்த ரேடியேஷன் டாக்டர், வழுக்கைத் தலைக்காரர், எல்லாரும் சொல்றாங்களே, அவர்கிட்ட."

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். மச்சான் அவளிடம், "யாரு செத்தது?" என்று கிசுகிசுத்தார். டாக்டரம்மா சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கதவோரம் நின்றிருந்த நர்ஸ்தான் வாயைத் திறந்தாள்.

"உங்க பையைக் காப்பாத்த முடியுமான்னு பாக்க டாக்டரம்மாவே அவரை இன்னிக்கு வரவழைச்சிருக்காங்க சார், உங்க துக்கம் கொஞ்சம் ஆறட்டுமேன்னுதான் நான் அவரை வெளியிலயே உக்கார வச்சிருக்கேன்."